மதுரைச் சபை ஒன்றில் பாடகர் குழுவை நடத்தக் கற்றுக்கொண்ட ஓர் ஆசிரியை: நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரை நகரின் மேற்குப் பகுதியில், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த நடுத்தர அளவிலான ஒரு சபையில் இந்நிகழ்வு நடந்தது. சபையின் பெயரையும் இதில் வருவோரின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். நடந்தவை நடந்த வரிசையிலேயே தரப்பட்டுள்ளன.

அமெரிக்கன் மதுரா மிஷன் 1834-இல் பணி தொடங்கிய இப்பகுதியின் சபைகளில் இரண்டு இசை மரபுகள் நெடுங்காலமாக அருகருகே வாழ்ந்துவருகின்றன. மேலைநாட்டு மெட்டுகளில் நான்கு குரல்களாக (பெண்களின் உயர்குரல் சோப்ரானோ, தாழ்குரல் ஆல்டோ; ஆண்களின் உயர்குரல் டெனர், தாழ்குரல் பேஸ்) பாடத்தக்க பாமாலைப் பாட்டுகள் ஒருபுறம். அவற்றின் தலைப்பில் 8.7.8.7 என்பது போல, ஒவ்வொரு வரியிலும் எத்தனை அசைகள் என்ற கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் வளர்த்த கீர்த்தனைகள் மறுபுறம்; அவற்றின் தலைப்பில் ராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரே ஆராதனையில் இரண்டும் பாடப்படுவதால், இங்கே பாடகர் குழுவை நடத்துபவர் இருவகைக் காலக் கணக்கையும் ஒரே கையால் காட்ட வேண்டியவராகிறார். மேலைநாட்டுப் பயிற்சி நூல்களில் இதற்கு விடை கிடைக்காது.

இந்தச் சபையின் கொயர் மாஸ்டர், அதாவது பாடகர் குழுவை நடத்துபவர், நீண்ட காலம் பணியாற்றியபின் முதுமை காரணமாகக் கோயம்புத்தூரிலுள்ள மகன் வீட்டுக்குச் சென்றுவிட்டார். கைகளை அசைத்து நடத்தும் வழக்கம் அவருக்கு இல்லை. டெனர் வரிசையில் நின்று உரக்கப் பாடிக்கொண்டே காலால் தரையைத் தட்டுவார். தொடக்கத்தைப் பென்சிலால் மேசையில் தட்டிக் காட்டுவார். இதில் இழுக்கு ஒன்றுமில்லை. பிரெஞ்சு அரசவையின் இசை அமைப்பாளர் லுல்லி 1687-இல் தடியால் தரையில் அடித்துக் காலம் காட்டும்போது அது தம் கால்மீதே பட்டு, அந்தப் புண் அழுகி இறந்தார் என்பதை எண்ணிப் பார்த்தால், ஓசையால் காலம் காட்டுவது எத்தனை பழைய வழக்கம் என்பது விளங்கும். ஆனால் அதன் விளைவாக இக்குழுவினர் காலத்தைக் காதால் பெறப் பழகியிருந்தார்கள். கண்ணால் பெறப் பழகியிருக்கவில்லை. பின்னர் எழுந்த சிக்கல்களில் பாதி இங்கிருந்து வந்தவை.

அடுத்து யார் நடத்துவது என்ற கேள்விக்குச் சபையின் நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் குழு, ஆல்டோ பாடிவந்த கணித ஆசிரியை ஒருவரைத் தேர்ந்தது. ஞாயிறுப் பள்ளிக் காலத்திலிருந்தே பாடுபவர். சுரங்களை டோ, ரே, மீ என எழுத்துகளால் குறிக்கும் சோல்ஃபா குறியீட்டைத் தடையின்றி வாசிப்பவர். யாரையும் நடத்திய அனுபவம் இல்லாதவர். டிசம்பர் நடுவில் கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கான கேரல் ஆராதனை. ஒத்திகைகள் அக்டோபர் இறுதியில் தொடங்கின. நகரின் வேறொரு பகுதியில் பாடகர் குழு நடத்திவரும் என்னை, ஒத்திகைகளுக்கு வந்து அவருக்குத் துணையாக இருக்கும்படி ஆயர் கேட்டுக்கொண்டார்.

தொடக்க ஒத்திகைகளில் கண்டவை

ஆசிரியை வீடியோக்களைப் பார்த்து, ஒவ்வோர் அடியையும் (பீட்) காற்றில் கையால் காட்டும் கை வரைவுகளை முன்னமே கற்றிருந்தார். நான்கடிக்குக் கீழ், உள், வெளி, மேல் என்றும், மூன்றடிக்குக் கீழ், வெளி, மேல் என்றும் அவர் வலக்கை பிழையின்றிச் சென்றது. வரைவில் திருத்த ஒன்றுமில்லை. இருந்தும் ஒவ்வொரு பாட்டின் முதல் சொல்லும் சிதறியது: சோப்ரானோ முதலில் வந்தது, டெனர் இரண்டாம் அசையில் சேர்ந்தது, பேஸ் வரிசையோ மற்றவர்கள் பாடுவதைக் கேட்டபின் நுழைந்தது.

தொடங்குவதற்கு முன் அவர் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று வாய்விட்டு எண்ணினார். எண்ணிய வேகம் ஒன்று, அதன்பின் கை சென்ற வேகம் வேறொன்று. குழு இரண்டையும் விட்டுக் கீபோர்டைப் பின்பற்றியது. கீபோர்டு வாசித்த கல்லூரி மாணவர் தூணுக்குப் பின்னால், நடத்துபவரின் முகம் தெரியாத இடத்தில் அமர்ந்திருந்தார். பாமாலைப் பாட்டுகளுக்கும் கீபோர்டின் ரிதத்தை, அதாவது தானே ஓடும் தாள ஒலியை, போட்டுவிட்டு வாசிப்பது அவர் வழக்கம். ரிதம் ஓடத் தொடங்கியபின் வேகத்தைத் தீர்மானிப்பது இயந்திரம்தான். எதிரே நிற்பவர் கையசைப்பது வெறும் அலங்காரம்.

ஆசிரியையின் இடக்கை வலக்கை செய்வதையே கண்ணாடி போல் திருப்பிச் செய்தது. முதலடி பாட்டுப் புத்தக ஸ்டாண்டுக்குக் கீழே விழுந்ததால் பின்வரிசை ஆண்களுக்கு அது தெரியவே இல்லை. தெரிந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லோருடைய கண்களும் புத்தகத்தில் இருந்தன. பேஸ் பாடும் பெரியவர் ஒருவர் இதை மறைக்காமல் சொன்னார்: "டீச்சர், கையைப் பாத்தா பாட்டு மறந்துபோகுது, பாட்டைப் பாத்தா கை தெரிய மாட்டேங்குது."

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, பாட்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. பத்துப் பாட்டுகள் திட்டமிடப்பட்டிருந்தன, அவை ஏழாயின. குழு உறுப்பினர் ஒருவர் இதை விரும்பவில்லை. "போன வருஷம் பத்து பாடினவங்க, இந்த வருஷம் ஏழுதானான்னு சபையில கேப்பாங்களே" என்றார். புதியவர் ஒருவர் நடத்தும்போது ஒத்திகை நேரத்தில் பெரும்பகுதி பாட்டைக் கற்பதற்கே போய்விட்டால் நடத்துவதைக் கற்க நேரம் இராது என்று ஆயர் எடுத்துரைத்தபின் அவர் இசைந்தார்.

இரண்டாவது, வாய்விட்டு எண்ணுவதை அறவே நிறுத்துவது. எண்ணிக்கை கேட்கும் வரை பாடுவோர் நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை என்பது ஒரு காரணம். ஆராதனையில் ஒலிவாங்கிக்கு முன் நின்று எண்ண முடியாது என்பது வெளிப்படையான மற்றொன்று.

மூன்றாவது, கை வரைவைச் சிறிது காலம் ஒதுக்கிவைத்து, முதல் சொல்லுக்கு முந்தைய ஓர் அடியை மட்டும் பயிற்சி செய்வது. இந்த முடிவே மற்றவற்றைவிடப் பயன் தந்தது என்பது என் கணிப்பு. பாடத் தொடங்கும் அடிக்கு முந்தைய அடியில் நடத்துபவர் கையை உயர்த்தி, குழுவோடு சேர்ந்து தாமும் மூச்சை உள்ளிழுக்க வேண்டும். அந்த ஓர் அசைவில் வேகமும் ஒலியளவும் பாட்டின் தன்மையும் அடங்கியிருக்க வேண்டும். மெதுவாகப் பாட வேண்டிய பாட்டுக்கு வெடுக்கென்று கையை உயர்த்தினால், பின்னர் கை எத்தனை மெதுவாகச் சென்றாலும் முதல் சொல் விரைந்தே வரும். குழுவின் இளையவர்கள் இதற்கு "மூச்சு பீட்" என்று பெயர் வைத்துவிட்டார்கள், அப்பெயரே நிலைத்தது.

முதல் வரியைப் பாடும் வேகத்தை ஆசிரியை தம் மனத்துக்குள் பாடிப் பார்த்து, அது நிலைபெற்றபின்னரே கையை உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். வீட்டில், சீரான வேகத்தில் அடிகளை ஒலிக்கும் கைபேசி மெட்ரோனோமில் வேகத்தைச் சரிபார்த்து, பிறகு அதை நிறுத்திவிட்டு, சற்று நேரம் கழித்து அதே வேகம் நினைவில் வருகிறதா என்று சோதிப்பது அவருக்குத் தரப்பட்ட வீட்டுப்பாடம். கணிதம் கற்பிப்பவர் என்பதாலோ என்னவோ, அதை ஒரு நோட்டில் பதிந்தே வந்தார்.

மூச்சும் முதல் சொல்லும்

நவம்பர் முழுவதும் ஒவ்வொரு ஒத்திகையின் தொடக்கத்திலும் ஒரு பயிற்சி நடந்தது. யாரும் பாட வேண்டியதில்லை. ஆசிரியை மூச்சிழுத்துக் கையை இறக்கும் கணத்தில் எல்லோரும் ஒரே கைத்தட்டு தட்ட வேண்டும். எண்ணிக்கை இல்லை, கீபோர்டு இல்லை. முதலில் கைத்தட்டு சரசரவென்று சிதறி விழுந்தது. அவர் வேகத்தை மாற்றி மாற்றிக் காட்ட, குழுவுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லாமற்போனது. ஓரிரு வாரங்களில் கைத்தட்டு ஒன்றாக விழத் தொடங்கியது. பிறகு கைத்தட்டின் இடத்தில் பாட்டின் முதல் அசையை மட்டும் வைத்தோம்.

இங்கே ஒரு நுட்பம் தடையாக வந்தது. பாமாலைப் பாட்டுகளில் பல, நான்கடிக் கணக்கில் முதலடியில் தொடங்காமல் முந்தைய நான்காம் அடியிலேயே தொடங்குபவை. அவற்றுக்கு மூச்சு மூன்றாம் அடியில் அமைய வேண்டும்; அதாவது கை வெளிப்புறமாகச் செல்லும்போது மூச்சு, மேலே எழும்போது முதல் அசை, கீழே இறங்கும்போது இரண்டாம் அசை. ஆசிரியை எல்லாப் பாட்டுக்கும் கையை மேலே தூக்கியே தொடங்கிவந்ததால், இத்தகைய பாட்டுகளில் குழுவில் பாதிப்பேர் தூக்கும்போதும் மீதிப்பேர் இறக்கும்போதும் நுழைந்தார்கள். காரணம் தெரிந்ததும் ஒரே மாலையில் தீர்ந்தது. ஒவ்வொரு பாட்டின் மேலும் மூச்சுக்குரிய அடி எது என்று பென்சிலால் குறித்து வைக்கும் பழக்கம் அன்று தொடங்கியது.

புத்தகத்திலிருந்து கண்களை எடுக்க முழுப் பாட்டையும் மனனம் செய்யச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. வேலைக்குப் போய்விட்டு வருபவர்கள் அவர்கள். ஒவ்வொரு சரணத்தின் முதல் வரியையும் கடைசிச் சொல்லையும் மட்டும் மனனம் செய்தால் போதும் என்று தீர்மானித்தோம். பார்க்க வேண்டிய இடங்கள் தொடக்கமும் முடிவும்தான். நடுவில் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டாண்டை ஒரு சாண் தாழ்த்தி, அடி விழும் இடத்தை இடுப்புக்குச் சற்று மேலே ஒரே மட்டத்தில் நிறுத்தினோம். தாம் எப்படித் தெரிகிறார் என்பதைப் பேஸ் வரிசையிலிருந்து எடுத்த வீடியோவில் அவரே கண்டபின், இதைப் பற்றி மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடக்கையைச் சிறிது காலம் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டேன். தேவையில்லாமல் அசைவதை விட்டபின்னரே அது ஒலியை உயர்த்தவும் தாழ்த்தவும், ஒரு குரல் வரிசையை உள்ளே அழைக்கவும் பயன்பட்டது.

சைலன்ட் நைட் பாட்டில் வேறொரு தடை. 1818-இல் ஆஸ்திரியாவின் சிற்றூர் ஆலயம் ஒன்றில் கிடார் துணையோடு முதலில் பாடப்பட்ட அது 6/8 கணக்கில், அதாவது கட்டத்துக்கு ஆறு சிறு அடிகளாக, தாலாட்டுப் போல அசைவது. ஆசிரியை ஆறு அடிகளையும் காட்டினார். பாட்டு ஒவ்வோர் அடியிலும் நின்று நின்று நகர்ந்தது. ஆறு அடிகள் கொண்ட ஒரு கட்டத்துக்கு இரண்டே அசைவுகளாகக் குறைத்ததும் சொற்றொடர்கள் நீண்டன. ஆனால் இரண்டில் காட்டும்போது அவருடைய வேகம் மெல்ல மெல்லக் கூடியது. அது கடைசிவரை முழுமையாகச் சரியாகவில்லை.

கீர்த்தனையும் ஆதி தாளமும்

ஏழில் இரண்டு கீர்த்தனைகள். அவற்றில் ஒன்று எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், தாளத்தின் தொடக்கத்திலிருந்து அரை இடம், அதாவது அரை எண்ணிக்கை, தள்ளி எடுப்பது (பாடத் தொடங்குவது). எட்டு எண்ணிக்கையை நான்கடி வரைவு இரண்டாகக் காட்டலாம் என்று ஆசிரியை முயன்றார். கணக்கு சரிதான். ஆனால் குழுவின் மூத்த பெண்கள் இருவர் சிறு வயதிலிருந்தே தொடையில் தாளம் போட்டுப் பாடுபவர்கள். ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும், பின்னர் தட்டும் வீச்சுமாக இருமுறை. ஐந்தாம் எண்ணிக்கையில் அவர்கள் கை தட்ட, எதிரே ஆசிரியையின் கை மீண்டும் முதலடியாக விழுந்தது. அதில் முரண் இல்லை. மூன்றாம் எண்ணிக்கையில் அவர் கை வெளிப்புறம் பெரிதாகச் சென்றதுதான் அவர்களைத் தடுமாற வைத்தது. தாளத்தில் அங்கே அழுத்தம் எதுவும் இல்லை, ஒரு விரல் மடங்குகிறது, அவ்வளவே.

கீர்த்தனைகளுக்கு மேலைநாட்டு வரைவையே விட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். ஆசிரியை எல்லோருக்கும் தெரியும் உயரத்தில் ஆதி தாளத்தையே போடுவார். எடுப்பு, பல்லவிக்குத் திரும்புதல், முடிவு ஆகியவற்றை மட்டும் இடக்கையால் காட்டுவார். சபையில் சிலருக்கு இது "கண்டக்டிங்" போலத் தோன்றாது என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. பாடுவோருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு மொழியிருக்க, பார்ப்போரின் கண்ணுக்காக வேறொன்றைக் கையாள்வதில் பொருளில்லை என்பதே என் கருத்தாக இருந்தது. இன்றும் அப்படியே கருதுகிறேன்.

அரை இட எடுப்புக்கு மூச்சு எங்கே என்பதும் இதனால் தெளிவானது. பாமாலையில் மூச்சு முந்தைய அடி முழுவதிலும் பரவுகிறது. இங்கே தாளத்தின் முதல் தட்டே மூச்சின் முடிவாகிறது. தட்டு விழுந்து கை எழும்பும் இடைவெளியில் சொல் பிறக்கிறது. ஆகவே தட்டு ஐயத்துக்கு இடமின்றிக் கூர்மையாக விழ வேண்டும். அதற்கு முன் ஒரு முழு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) ஒலியின்றிக் காட்டப்பட வேண்டும். மூத்த பெண்களில் ஒருவரை ஆசிரியைக்கு நேரெதிரே நிறுத்தினோம். அவர் தலையசைப்பே பின்னாலிருந்தவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பல்லவிக்கு எத்தனை முறை திரும்புவது என்பது இதுவரை யாரும் முடிவு செய்யாத ஒன்று. பாடுகிறவரின் உற்சாகத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் ஒருமுறை, கடைசியில் இருமுறை என்று எழுதி வைத்தோம்.

கீபோர்டும் ஒலிபெருக்கியும்

கீபோர்டு வாசிக்கும் தம்பியோடு ஆசிரியை தனியே உட்கார்ந்து பேசினார். பாமாலைப் பாட்டுகளுக்கும் கீர்த்தனைகளுக்கும் ரிதம் வேண்டாம். இளைஞர்கள் கைத்தட்டிப் பாடும் ஒரு பாட்டுக்கு மட்டும் ரிதம் இருக்கட்டும், அதை நடத்துவதுபோல் யாரும் பாவனை செய்ய வேண்டாம், தொடக்கமும் முடிவும் காட்டினால் போதும் என்று உடன்பாடு ஏற்பட்டது. "ரிதம் இல்லாம வாசிச்சா வெறுமையா இருக்குமேக்கா" என்று அவர் தயங்கினார். நான்கு குரல்களும் நிரம்பி ஒலித்தபின் அந்தத் தயக்கம் குறைந்தது.

அவரைத் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே கொண்டுவந்து, ஆசிரியையின் முகம் தெரியும்படி திருப்பி அமர்த்தினோம். மற்றொன்றும் கவனத்துக்கு வந்தது. கீபோர்டின் ஒலி மிக்சர் வழியாக ஆலயத் தூண்களிலிருந்த ஒலிபெருக்கிகளுக்கு மட்டுமே சென்றது. பாடகர் குழுவுக்கு அது ஏறத்தாழ 15 மீட்டர் தொலைவிலிருந்து திரும்பி வந்தது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், அந்தத் தொலைவுக்கு 0.04 நொடிக்குச் சற்று மேல் ஆகும். நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் ஓர் அடி 0.6 நொடியே என்பதை நினைத்தால் இது புறக்கணிக்கத்தக்கதன்று. கேட்டுக் கேட்டுப் பின்தொடரும் குழு, அந்தத் தாமதத்தை ஒவ்வொரு வரியிலும் கூட்டிக்கொண்டே போகிறது. சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வாடகைக்கு வாங்கிக் குழுவின் அருகே வைத்ததும் இழுபடுவது பெரிதும் நின்றது.

கேரல் ஆராதனை மாலை

தொடக்கங்கள் அனைத்தும் ஒன்றாக அமைந்தன. இரண்டாம் பாட்டை ஆசிரியை பதற்றத்தில் ஒத்திகையைவிட விரைவாகத் தொடங்கிவிட்டார்; ஆனால் குழு அவர் காட்டிய வேகத்திலேயே சேர்ந்து நுழைந்தது. சரணத்துக்கும் சரணத்துக்கும் இடையில் புதிதாக, மெதுவாக ஒரு மூச்சு பீட் கொடுத்து வேகத்தைத் தாழ்த்தினார். அரை இட எடுப்புக் கீர்த்தனை தடையின்றிச் சென்றது.

நீண்ட ஓசைகளின் முடிவுகள் அவ்வாறு அமையவில்லை. தமிழில் பல வரிகள் "ம்" போன்ற மெய்யில் முடிகின்றன. நீட்டிப் பாட வேண்டிய கடைசி அசையில் சிலர் முன்கூட்டியே உதட்டை மூடிவிட்டதால், பாதிக் குழு உயிரோசையிலும் மீதிக் குழு முணுமுணுப்பிலும் நின்றது. கை நிறுத்தம் காட்டும் வரை உயிரெழுத்தைத் தாங்கி, அந்தக் கணத்தில் மெய்யை ஒலிக்க வேண்டும் என்பது ஒத்திகையில் ஒருமுறை சொல்லப்பட்டதோடு சரி, பழக்கப்படுத்தப்படவில்லை.

கடைசிப் பாட்டு சபையார் அனைவரும் சேர்ந்து பாடுவது. நிறைந்த ஆலயத்தில் சபையார் தம் வழக்கப்படி மெதுவாகச் சென்றார்கள். பாடகர் குழு ஆசிரியையின் கையோடு நின்றது. ஒரு சரணம் முழுவதும் இரு வேகங்கள். அடுத்த சரணத்தில் அவர் சபையாரின் வேகத்துக்கு இறங்கிவந்து, கீபோர்டையும் அங்கே அழைத்துக்கொண்டார். பாடகர் குழு சரியாகப் பாடுவதைவிடச் சபை சேர்ந்து பாடுவது முதன்மையானது என்பதால் அந்த இடத்தில் அவர் எடுத்த முடிவு சரியானதே. குழுவில் சிலர் பின்னர் இதைக் குறையாகச் சொன்னார்கள்.

பின்னர் நடந்ததும் மாற வேண்டியதும்

ஜனவரியில் ஒலிப்பதிவைக் கேட்டபின் குழு சில மாற்றங்களை ஏற்றது. தாளம் போடும் பழக்கம் பலரிடம் ஏற்கெனவே இருப்பதால், புதியவர் ஒருவர் நடத்தக் கற்கும்போது கீர்த்தனையிலிருந்தே தொடங்குவது எளிது. கையைப் பார்க்கும் பழக்கம் வேரூன்றியபின் பாமாலைக்குச் செல்லலாம். கீபோர்டு வாசிப்பவருடனான பேச்சு, மூன்று வாரம் கடந்து நடந்ததற்குப் பதிலாக, முதல் ஒத்திகைக்கு முன்பே நடக்க வேண்டும். சொல்லின் முடிவுகளுக்கும் தொடக்கத்துக்கு ஒதுக்கிய அளவு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். சபையார் சேர்ந்து பாடும் பாட்டுகளின் வேகத்தை, முந்தைய ஞாயிறு ஆராதனைகளில் அவர்கள் பாடுவதைக் கேட்டு முன்னமே குறித்துக்கொள்ள வேண்டும்.

லெந்து காலத்தில், டெனர் பாடும் இளைஞர் ஒருவர் ஆசிரியையிடம் மூச்சு பீட்டைக் கற்கத் தொடங்கினார். பள்ளித் தேர்வுப் பணியால் ஆசிரியை வர இயலாத ஒத்திகைகளை அவரே நடத்துகிறார். வாடகை ஒலிபெருக்கிக்குப் பதில் ஒன்றைச் சொந்தமாக வாங்கும் கோரிக்கை சேகரக் குழுவின் முன் உள்ளது.